பின்புறம் வளைவதில்தான் இழப்பு அதிகம்

வயது ஏறினால் முதுகு விறைத்துப்போகும் என்று எல்லோரும் சொல்வதுண்டு. அது பொய்யல்ல. ஆனால் நோயோ வலியோ இல்லாதவர்களின் கீழ்முதுகை அளந்த ஆய்வுகளைப் பார்த்தால், அந்த விறைப்பு எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் வருவதில்லை என்பதும், நாம் வழக்கமாகச் சோதித்துப் பார்க்கும் குனிதலைவிட, யாரும் பொருட்படுத்தாத பின்புற வளைவிலேயே இழப்பு மிகுதி என்பதும் தெரிகின்றன. ஐம்பதைத் தாண்டிய எனக்கு இது சற்று வியப்பாகவே இருந்தது.

இங்கிலாந்தில் ட்ரோக் என்பவரும் அவருடைய குழுவினரும் முதுகுவலி இல்லாத 405 பேரை அளந்து 2005இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. அதில் பங்கேற்றவர்களின் வயது 16 முதல் 90 வரை. இந்த வயது வரம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும்போது முன்புறம் குனியும் அளவு 45 சதவீதமும், பக்கவாட்டில் சாயும் அளவு 48 சதவீதமும், பின்புறம் வளையும் அளவு 79 சதவீதமும் குறைந்திருந்தன. இடவலமாகத் திரும்புவதில் மட்டும் இத்தகைய குறைவு காணப்படவில்லை.

திரும்புதல் தப்பித்ததில் பெரிய புதிர் ஒன்றுமில்லை. கீழ்முதுகின் ஐந்து முள்ளெலும்புகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள சிறு மூட்டுகள் திரும்பும் அசைவைத் தடுக்கும் வகையில் அமைந்திருப்பதால், இளமையிலேயே ஒவ்வொரு அடுக்கும் ஓரிரு பாகைதான் திரும்பும். நாம் உடலைத் திருப்பும்போது பெரும்பாலும் திரும்புவது மார்புப் பகுதி முதுகும் இடுப்பு மூட்டுகளுமே.

பின்புற வளைவின் கதை வேறு. பின்னால் வளையும்போது அதே சிறு மூட்டுகள், கூரை ஓடுகளைப் போல, ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிப் படிகின்றன. முதுகின் நடுவே கையில் தட்டுப்படும் முட்களும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்கின் மையப்பகுதியில் நீரைப் பிடித்துவைக்கும் புரோட்டியோகிளைக்கான் என்னும் பொருள் வயதோடு குறைவதால், பிறக்கும்போது ஏறத்தாழ 90 சதவீதமாக இருந்த நீர் முதுமையில் 70 சதவீத அளவுக்கு இறங்குகிறது. வளர்ந்தவர்களின் டிஸ்க்கினுள் இரத்தக் குழாய்கள் கிட்டத்தட்ட இல்லை. மேலும் கீழுமுள்ள எலும்புத் தட்டுகள் வழியாகக் கசிந்து வருவதுதான் அதற்கு உணவு என்பதால், இழந்ததை ஈடுகட்டும் திறனும் குறைவு. தேய்ந்து உயரம் குறைந்த டிஸ்க்குகளில் பின்புற மூட்டுகள் முன்பே நெருங்கிவிடுகின்றன. வளைவதற்கு அங்கே இடமில்லை.

குனிந்து காலைத் தொட முடிகிறது என்பதால் முதுகு இளமையாக இருக்கிறது என்று பெருமைப்படுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அசைவில் இடுப்பு மூட்டுக்கும் தொடையின் பின்தசைகளுக்கும் பெரும்பங்கு உண்டு. வயது கூடக் கூட, அதில் கீழ்முதுகின் பங்கு குறைந்து இடுப்பின் பங்கு கூடுகிறது. முதுகைத் தனியே அளப்பதற்கு ஷோபர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1937இல் சொன்ன எளிய சோதனை இருக்கிறது. 1969இல் திருத்தப்பட்ட அதன் வடிவத்தில், முதுகு இடுப்பெலும்போடு சேரும் இடத்துக்கு 5 செ.மீ. கீழேயும் 10 செ.மீ. மேலேயும் தோலில் குறியிட்டுவிட்டுக் குனியச் சொல்வார்கள். இளம் வயதினருக்கு அந்த 15 செ.மீ. பொதுவாக 20 செ.மீட்டரைத் தாண்டும். இது குனிதலுக்கான சோதனை என்பதால், மிகுதியாக இழக்கும் திசையைப் பற்றி இதுவும் பேசுவதில்லை.

அளக்கும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். இரவில் படுத்திருக்கையில் டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்புவதால் காலையில் முதுகு விறைப்பாக இருக்கும். அன்றைய நாளுக்குள்ளேயே குனியும் அளவு சுமார் 5 பாகை கூடுகிறது என்று 1987இல் ஆடம்ஸ் குழுவினர் காட்டினார்கள். காலையில் ஒருவரையும் மாலையில் மற்றொருவரையும் அளந்துவிட்டு வயதின் மேல் பழிபோடுவது நியாயமல்ல.

79 சதவீதம் என்ற எண்ணைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். அது ஒரே மனிதரைப் பல்லாண்டு தொடர்ந்து அளந்து பெற்றதல்ல. வெவ்வேறு வயதினரை ஒரே காலகட்டத்தில் ஒப்பிட்டுப் பெற்றது. இளையவர்களும் முதியவர்களும் செய்த வேலையும் வளர்ந்த விதமும் வேறுபட்டிருக்கக்கூடும். அதைவிட முக்கியமாக, அளக்கப்பட்ட முதியவர்களில் யாரும் முதுகுவலிக்காரர் அல்லர். அவர்களுடைய பின்புற வளைவு அத்தனை சுருங்கியிருந்தும் அவர்கள் நலமாகவே இருந்தார்கள்.