படைத்தவனா, புரோகிராமரா?

"கடவுளாவது ஒண்ணாவது சார், இந்த உலகமே யாரோ கம்ப்யூட்டர்ல ஓட்டுற சிமுலேஷன்." இன்று பேருந்தில் பக்கத்து சீட்டுத் தம்பி அடித்துச் சொன்னார்.

கையில் கறுப்புக் கயிறு.

இந்த வாதத்தைப் பிரபலமாக்கிய தத்துவவாதி நிக் பாஸ்ட்ரம் 2003-ல் எழுதிய கட்டுரை அப்படிச் சொல்லவில்லை. மூன்றில் ஒன்றாவது உண்மை என்கிறது, அவ்வளவுதான். மனிதர்களோடு ஓர் உலகையே கம்ப்யூட்டரில் ஓட்டும் திறனை எட்டுமுன் நாகரிகங்கள் அநேகமாக அழிந்துபோகும். எட்டினாலும் முன்னோர் வாழ்வை ஓட்டிப் பார்க்க மெனக்கெடாது. இரண்டும் இல்லையென்றால், நாம் அநேகமாக ஒரு சிமுலேஷனுக்கு உள்ளேதான்.

மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொள்வதும் பக்திதான்.

மூளையில் மட்டுமல்ல, சிலிக்கான் சிப்பிலும் மனம் ஓடும் என்ற அனுமானம் வேறு அடியில் இருக்கிறது. அதை உருவினால் மொத்தமும் சரியும்.

சோதிக்க வழி? 2012-ல் மூன்று இயற்பியலாளர்கள் ஒன்று சொன்னார்கள். கம்ப்யூட்டர் கணக்கில் போல, பிரபஞ்ச வெளியும் கட்டம் கட்டமாகப் பின்னப்பட்டிருந்தால், விண்வெளியிலிருந்து வரும் மிக உயர் ஆற்றல் துகள்களான காஸ்மிக் கதிர்கள் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி வராது. கட்டத்தின் அச்சு அதில் தெரியும். பின்னல் மிக நுணுக்கமாக இருந்தால் எதுவும் சிக்காது. அப்போது மறுக்கவும் முடியாது. ஆத்திகருக்குப் பழக்கமான வசதி!

ஒரு வித்தியாசம் மட்டும் பெரிது. சைவ சித்தாந்தத்தில் பதி, அதாவது இறைவன், அநாதி, அவனுக்கு மேலே யாரும் இல்லை. புரோகிராமருக்கு அப்படியில்லை. அவர் இருக்கும் பிரபஞ்சத்தை யார் ஓட்டுகிறார்கள் என்று அவரையும் கேட்கலாம். அவர் நல்லவராக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கரண்ட் பில் எகிறினால் அணைத்துவிடுவார்.