கறிக்கடையிலிருந்து வந்த விதி வாத்தியார்: ராபர்ட் பேர்ட்

2017 டிசம்பரில் டிரம்ப் அரசின் வரிக்குறைப்பு மசோதா பிரதிநிதிகள் சபையைத் தாண்டி செனட்டுக்கு வந்தது. அங்கே அதன் பெயரையே வெட்ட வேண்டியதாயிற்று. பெயரால் அரசின் வரவும் மாறாது, செலவும் மாறாது; ஆகவே மசோதாவில் அதற்கு இடமில்லை. கூடவே வேறு சில பிரிவுகளும் கழன்றன. இதற்காகவே பிரதிநிதிகள் சபை மறுபடி வாக்களித்தது. ஏழு வருஷம் முன்பே இறந்துபோன அமெரிக்க செனட்டர் ராபர்ட் பேர்டின் விதி செய்த வேலை இது.

1917இல் வட கரோலினாவில் பிறந்தவர். அடுத்த வருஷம் பரவிய இன்ஃப்ளூயன்ஸாவில் தாய் இறந்தார். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் அத்தையும் மாமாவும் வளர்த்தார்கள், பெயரையும் மாற்றினார்கள். பெட்ரோல் பங்கில் நின்றார், கறி வெட்டினார், போர்க்காலத்தில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் செய்தார். 1946இல் ஃபிடில் வாசித்து ஓட்டுக் கேட்டு மாநிலச் சட்டசபைக்குப் போனார். 1953இல் பிரதிநிதிகள் சபை, 1959இல் செனட். எம்.பி.யாக இருந்துகொண்டே இரவு வகுப்பில் சட்டம் படித்து, 1963இல் பட்டம் வாங்கினார். கையில் கொடுத்தவர் ஜனாதிபதி கென்னடி.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 1940களின் தொடக்கத்தில் வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளானுக்கு ஊரில் 150 பேரைத் திரட்டிக் கிளை அமைத்தவர் இவர். 1964இல் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சிவில் உரிமைச் சட்டத்தைத் தடுக்க 14 மணி 13 நிமிஷம் நின்று பேசினார். அந்தப் பேச்சு முடிந்த அன்றே செனட் 71-29 என்று வாக்களித்து விவாதத்தை மூடியது. பின்னாளில் க்ளானில் சேர்ந்ததற்குப் பலமுறை மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் அவர் ஆரம்பத்தில் விதிகளை எதற்குப் பயன்படுத்தினார் என்பதை மறைத்துவிட்டு வெறும் 'நடைமுறை மேதை' என்று புகழ்வது அரைகுறை.

1971இல் செனட்டில் தன் ஜனநாயகக் கட்சியின் கொறடா பதவிக்கு எட்வர்ட் கென்னடியையே 31-24 என்று தோற்கடித்தார். 1977இல் பெரும்பான்மைத் தலைவர், அதாவது செனட்டில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவர். அந்த வருஷமே இயற்கை எரிவாயு விலை மசோதாவில் சொந்தக் கட்சிக்காரர்கள் இருவர் முட்டுக்கட்டை போட்டார்கள். விவாதத்தை மூடத் தீர்மானம் நிறைவேறிய பிறகும், நூற்றுக்கணக்கான திருத்தங்களைக் குவித்து ஒவ்வொன்றுக்கும் வாக்கெடுப்புக் கேட்டார்கள். பலர் ஒரே நேரத்தில் எழுந்தால் சபையை நடத்துபவர் பெரும்பான்மைத் தலைவரைத்தான் முதலில் அழைப்பார் என்பது செனட் மரபு. பேர்ட் துணை ஜனாதிபதி மான்டேலை சபையை நடத்தும் இருக்கையில் அமர்த்தினார். ஒரு திருத்தத்தை அழைப்பார், அது விதிக்குப் புறம்பு என்பார், மான்டேல் ஆம் என்று தீர்ப்பளிப்பார். யாரும் மேல்முறையீடு கேட்கும் முன் பேர்ட் அடுத்ததற்குப் போய்விடுவார். சபையே கொதித்தது. ஆனால் முட்டுக்கட்டை உடைந்தது.

பேர்ட் விதிக்கு வருவோம். செனட்டில் விவாதத்தை மூட 100இல் 60 வாக்கு வேண்டும். 1974 பட்ஜெட் சட்டத்தின்படி, வரவு செலவைப் பட்ஜெட்டுக்கு ஏற்பச் சரிசெய்யும் 'ரீகன்சிலியேஷன்' மசோதாவுக்கு மட்டும் விவாதம் 20 மணி நேரம்தான். பிறகு சாதாரணப் பெரும்பான்மை போதும். குறுக்கு வழி கிடைத்தால் விடுவார்களா? சம்பந்தமில்லாததையெல்லாம் அதில் ஏற்றினார்கள். அதை அடைக்கவே 1985இல் இந்த விதி, 1990இல் நிரந்தரமானது.

சோதனைகள் ஆறு. பெரும்பாலும் மூன்றில்தான் மாட்டுவார்கள். வரவு செலவை மாற்றாத பிரிவு விழும். பண விளைவு இருந்தும், கொள்கை மாற்றத்துக்கு அது வெறும் ஒட்டுவால் என்றால் விழும். 2021இல் மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி இங்கேதான் சிக்கியது. பட்ஜெட் காலத்துக்கு அப்பால் பற்றாக்குறையைக் கூட்டினாலும் விழும். புஷ்ஷின் 2001 வரிக்குறைப்புக்கு 2010 முடிவில் காலாவதி குறித்தது இதனால்தான். ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டியைத் தொடவே கூடாது.

யாராவது ஒரு செனட்டர் எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். விதி தானாக இயங்காது. செனட்டின் விதி ஆலோசகர் சொல்கிறபடி சபையை நடத்துபவர் தீர்ப்பளிப்பார். காப்பாற்ற வேண்டுமென்றால் 60 வாக்கு. இல்லையென்றால் அந்தப் பிரிவு மட்டும் விழும், மசோதா பிழைக்கும். இரு கட்சியும் முன்கூட்டியே ஆலோசகரிடம் வரிவரியாக வாதாடுவதற்கு 'பேர்ட் குளியல்' என்று பெயர். பேர்ட் என்பது ஆங்கிலத்தில் பறவை போல ஒலிப்பதால், விழுந்த பிரிவுகளுக்கு 'பேர்ட் எச்சம்' என்றும் பெயர் வைத்துவிட்டார்கள்.

1989 முதல் நிதி ஒதுக்கீட்டுக் குழுத் தலைவரானதும் மாநிலத்துக்கு வாரிக் கொட்டினார். எஃப்.பி.ஐ.யின் கைரேகை மையம் கிளார்க்ஸ்பர்குக்குப் போனது அப்படித்தான். கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கி அவர் பெயரிலேயே நிற்கிறது. வரிப்பணத்தை வீணடிக்கிறார் என்ற வசவை அவர் பொருட்படுத்தவே இல்லை.

ஆனால் விதியில் தன் கட்சிக்கும் சலுகை தரவில்லை. 1993இல் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை ரீகன்சிலியேஷனில் ஏற்ற கிளின்டன் கேட்டார், பேர்ட் மறுத்தார். 2009 டிசம்பர் 24 அன்று, 92 வயதில், சக்கர நாற்காலியில் வந்து ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதாவுக்கு வாக்களித்தார்: 60-39. அதைச் சரிசெய்யும் துணை மசோதா 2010 மார்ச்சில் ரீகன்சிலியேஷன் வழியே வந்தது. அதற்கும் ஆதரவாக வாக்களித்தார். மாணவர் உதவித்தொகை பற்றிய இரண்டு சிறு பிரிவுகள் அதில் பேர்ட் விதியால் விழ, பிரதிநிதிகள் சபை அன்றிரவே மறுபடி வாக்களித்தது. மூன்று மாதம் கழித்து, ஜூன் 28 அன்று, 51 வருஷ செனட் உறுப்பினராகவே இறந்தார்.