ஹெலிக்குள் இருப்பவரின் சுமை

கிளிநொச்சியில் வளர்ந்த என் வயதுக்காரருக்கு ஹெலி என்றால் முதலில் சத்தம்தான். அடுப்பில் சோறு கொதிக்கும். இறக்கக்கூட நிற்காமல் அம்மா எங்களைப் பங்கருக்குள் தள்ளுவா. பனங்குற்றிக் கூரை, மண்மூட்டை, ஈர மண் வாசம். மேலே பறந்தவரும் மனிதர் என்று அப்போது நினைத்ததே இல்லை.

இப்போது நான் படிப்பதே அந்த மனிதரின் வேலைப்பளுவைத்தான். ஹெலி ஓட்டுபவரின் இடது கை ஒரு நெம்புகோலில், வலது கை இன்னொரு தடியில், இரண்டு காலும் மிதிகளில். ஒன்றை அசைத்தால் மற்றவற்றையும் திருத்த வேண்டும். அதற்கு மேல் வானொலி, வழி, ஆயுதம்.

1980களில் அமெரிக்க இராணுவம் தன் புதிய ஹெலிக்கு ஒரே விமானி போதுமா என்று ஆராய்ந்தது. ஒவ்வொரு சிறு வேலையையும் பார்த்தல், கேட்டல், சிந்தித்தல், கைகால் அசைத்தல் எனப் பிரித்துப் புள்ளி போட்டார்கள். ஒரே நேரத்தில் வருபவற்றைக் கூட்டினால், ஹெலி செய்ய முன்பே சுமை மிஞ்சும் இடம் தெரியும். சரியான வேலை என்பேன். கடைசியில் அந்தப் புதிய ஹெலி, கொமாஞ்சே என்ற பெயரில், இரண்டு இருக்கையோடுதான் வந்தது.

1988இல் வெளிவந்த நாசா டி.எல்.எக்ஸ் என்ற, வேலைப்பளுவை அளக்கும் கேள்விப்பட்டியல் வேறு வழி. வேலை செய்தவரையே கேட்கிறது: மனச்சுமை, உடற்சுமை, அவசரம், செய்துமுடித்த அளவு, முயற்சி, எரிச்சல்.

நேற்று அந்த ஆறையும் அம்மாவிடம் கேட்டேன், பங்கர் நாட்களை நினைத்துச் சொல்லச் சொல்லி. அவசரத்துக்கு நூறுக்கு நூறு போட்டா. எரிச்சலுக்கு மட்டும் நெடுநேரம் யோசித்தா.