பெற்றார் கையொப்பம்

நமது பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டார். கிரிக்கெட்டையும் விடுதிச் சாப்பாட்டையும் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு எழுத இருப்பது அம்மாவின் ஊசியைப் பற்றி.

1990 ஆனியில் இலங்கை இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மீண்டும் தொடங்கி மின்சாரம் நின்றபோது நான் ஆண்டு ஒன்பது. அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அம்மா பனையோலையில் பெட்டியும் கடகமும் இழைத்து விற்றுத்தான் அடுப்பு எரிந்தது. அடுத்த வருசம் அவவுக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. கிணற்றடியில் நின்று யாருடனோ சண்டை பிடிப்பா. செய்வினை என்றார்கள். நூல் கட்டினோம், இருந்த ஆடுகள் அதற்கே போயின. அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

மாதம் ஒரு புளூபெனசின் ஊசி. குரல்கள் அடங்கின, கை நடுங்கத் தொடங்கியது. சார்வோலையை ஒரே அகலத்தில் வார்ந்தெடுக்கக் கை நிதானமாக நிற்க வேண்டும். விளிம்பு கோணிய பெட்டியைச் சந்தையில் பாதி விலைக்கும் எடுக்கமாட்டார்கள். நடுக்கத்துக்கு பென்செக்சோல் என்றொரு சின்னக் குளிசை உண்டு. அது கிடைத்த மாதம் வீட்டில் சோறு. அரசின் பொருளாதாரத் தடையில் அது வந்து சேராத மாதம் கஞ்சி.

கிளினிக் நாளில் அம்மாவைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன். ஏன் வரவில்லை என்று வகுப்பாசிரியர் ஒருநாளும் கேட்டதில்லை. மறுநாள் வேறொருவனுடைய கணிதக் கொப்பி என் மேசையில் இருக்கும், அவ்வளவுதான். பின்வாங்கில் ஒருவன் "விசரியின்ரை மோன்" என்றது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அடுத்த கிழமை அவனை முன்வாங்குக்கு மாற்றியிருந்தார். காரணம் சொல்லவில்லை. ஓ.எல். பரீட்சை விண்ணப்பத்துக்கு எல்லோரும் பெற்றாரைக் கூட்டிவந்தபோது என்னிடம் மட்டும், "தம்பி, வீட்டை கொண்டுபோய் அம்மாட்டைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வா" என்றார்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், நமது சங்கத்தின் உதவித்தொகைப் படிவத்தைப் போன மாதம்தான் முழுதாக வாசித்தேன். குடும்ப நிலையை ஒரு பக்கத்தில் விளக்க வேண்டுமாம். நேர்முகத்துக்குப் பெற்றார் வர வேண்டுமாம். பணம் சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்ற கவலை நியாயம்தான். ஆனால் பதினைந்து வயதில் எனக்கு அந்தப் படிவம் கிடைத்திருந்தால் வாங்கி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். காசில்லை என்று எழுதலாம். அம்மாவின் வருத்தத்தை முன்பின் தெரியாத குழுவுக்கு எழுத எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்?

வகுப்பாசிரியரின் கையொப்பமே போதும் என்று விதியை மாற்றக் கேட்டு, வருகிற பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.