இறக்கத்தில் விறைத்த கதை

நண்பனோடு வண்டியில் போன மலைப் பயணத்தின் பாதை, தங்கிய இடம், செலவுக் கணக்கு என்று வரிசையாக எழுதத்தான் நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அதெல்லாம் அடுத்த முறை. வீடு திரும்பி இரண்டு நாளாகியும் கால் விரல் நுனியில் மரமரப்பு போகவில்லை. வண்டியின் ஹீட்டரைத் தவிர வேறெதுவும் எழுத வரவில்லை.

வண்டிக்கு வயது 20 தாண்டிவிட்டது. மலை ஏறும்போது குறையே தெரியவில்லை, ஹீட்டர் வெதுவெதுப்பாக ஊதியது. காற்றை ஊதும் விசிறியான ப்ளோயர் மட்டும் 4-ஆம் நம்பரில்தான் சுற்றும். 1, 2, 3-இல் செத்த மாதிரி கிடக்கும். அது விசிறியின் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் போன கோளாறு என்று முன்பே தெரியும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போது எதற்குச் செலவு என்று விட்டிருந்தேன்.

கணவாயைத் தாண்டி இறங்க ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நண்பன் காற்று வரும் துவாரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "டேய், இது ஏசிடா!" என்று கத்தினான். முன் கண்ணாடி உள்பக்கமாக ஆவி படிந்து மூடிக்கொண்டது. அவன் துண்டால் துடைக்க, துடைத்த இடம் மறுபடி மூட, அந்தக் கையகல ஓட்டை வழியாகப் பார்த்துத்தான் வளைவுகளில் இறங்கினேன். வழியில் லாரிகள் தேங்கிக் கால்மணி நேரம் நின்றோம். நின்றதும் சூடு வந்தது! நகர்ந்ததும் போய்விட்டது.

இதில் நான் செய்த முட்டாள்தனம் ஒன்று உண்டு. வெப்பநிலை காட்டும் முள் ஏற்றத்தில் நடுவில் நின்றது, இறக்கத்தில் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். பழைய வண்டி, மலைப்பாதை, இஞ்சின் சூடேறாமல் சமர்த்தாக ஓடுகிறதே என்று!

நள்ளிரவுக்கு மேல் ஒதுங்க இடம் கிடைத்தது. அறை வாடகை மிச்சமாகும், இஞ்சினை ஓடவிட்டு வண்டியிலேயே தூங்கலாம் என்றான் நண்பன். காசு விஷயத்தில் நானும் கஞ்சன்தான், ஆனால் இதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. புகைக்குழாயைப் பனி அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது, தூங்கினவன் எழுந்திருக்க மாட்டான்.

காலையில் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். அந்த ஆள் பானெட்டைத் திறக்கவே இல்லை. துவாரத்தில் கையை வைத்தார், எடுத்தார். "ஹீட்டர் கோர் போச்சு சார். டேஷ்போர்டு முழுக்கக் கழட்டணும், ரெண்டு நாளாகும்." அவர் சொன்ன தொகையைக் கொடுத்திருந்தால் மிச்சப் பயணமே இல்லை. பார்க்காமலே தீர்ப்புச் சொல்கிறாரே என்றுதான் எனக்கு எரிச்சல்.

இந்த மாதிரி வண்டியின் ஹீட்டருக்கென்று தனி அடுப்பு எதுவும் கிடையாது. இஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவந்து சூடேறும் திரவமான கூலண்ட், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் போய்த் திரும்பும். அதுதான் கோர். ப்ளோயர் அதன் மேல் காற்றை ஊதுகிறது. கோர் ஒழுகினால் வண்டிக்குள் தித்திப்பான ஒரு வாடை வரும், கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படியும், காலடி விரிப்பு நனையும். எங்களுக்கு மூடியது வெறும் ஆவி. விரிப்பு காய்ந்திருந்தது.

ஓரமாக நிறுத்தி நாங்களே பார்த்தோம். இஞ்சின் ஆறியிருந்ததால் ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன் (சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்). கூலண்ட் விளிம்புவரை இருந்தது. அப்புறம் வண்டியைக் கிளப்பி, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டே இருந்தேன். சூடேறிய பிறகே கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது ஒழுங்காக இருந்தால் கூலண்ட் 80, 90 டிகிரியை எட்டும்வரை அது மூடியே இருக்கும், இந்த ஹோஸும் சில்லென்றே இருக்கும், பிறகுதான் சட்டென்று சுடும். எங்கள் ஹோஸோ முதல் நிமிடத்திலிருந்தே இஞ்சினோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சூடேறியது.

கோருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் விசிறி பெல்ட்டில் கை படாமல் தொட்டோம். ஒன்று சுட்டு மற்றொன்று குளிர்ந்திருந்தால் கோர் அடைப்பு. இரண்டும் கொதித்தும் காற்று குளிர்ந்தால் உள்ளே காற்றைக் கோர் பக்கம் விடும் கதவைத் திருப்பும் கேபிள் கழன்றிருக்கும். எங்களுடையது இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு. தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டு இறக்கத்தில் இஞ்சினைச் சூடேற விடவில்லை, வேறொன்றுமில்லை.

அடுத்த ஊர் வரைக்கும் அட்டைப்பெட்டிதான் துணை. ஒரு பக்கத்தைக் கிழித்து ரேடியேட்டரின் பாதியை மறைத்துச் செருகினோம். முள் மெல்ல மேலே வந்தது, ஹீட்டரும் உயிர் பெற்றது. ஆனால் ஏற்றம் வந்தால் முள் நடுவைத் தாண்டும், இறங்கி ஓடிப்போய் அட்டையைப் பிடுங்க வேண்டும். அன்றைக்கு நண்பன் எத்தனை முறை ஓடினான் என்று எண்ணவில்லை. என்னைத் திட்டியதையும் எண்ணவில்லை.

இரண்டாவது மெக்கானிக் வயதானவர், அதிகம் பேசவில்லை. பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். துருவேறிய ஸ்பிரிங், வாய் பிளந்தபடி நிற்கும் வால்வு. புதியதைக் கொதிநீரில் போட்டு, அது திறப்பதைக் காட்டிவிட்டே மாட்டினார். செலவு முந்தின இரவின் அறை வாடகையைவிடக் குறைவு! அந்த முதல் ஆளை நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

மாட்டிக் கிளம்பினால் மறுபடி குளிர்காற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பிப் போனோம். "காத்து அடைச்சிருக்கு, இறங்குங்க" என்றார். இஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, வண்டியின் மூக்கு மேலே பார்க்கும்படி சரிவில் நிறுத்தி, மூடியைத் திறந்துவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் கிளப்பச் சொன்னார். ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டார். களக், களக் என்று பெரிய குமிழிகள் வந்தன, மட்டம் விறுவிறுவென இறங்கியது. கூலண்டும் தண்ணீரும் பாதிப்பாதி கலந்து ஊற்றினார். வெறும் தண்ணீரை ஊற்றினால் இந்தக் குளிரில் உறைந்து விரிந்து இஞ்சினிலேயே விரிசல் விழ வைக்கும். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் இஞ்சின் தலைப்பகுதியின் இடுக்கை அடைக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும் என்றார். நல்ல வேளை, நின்றது.

திரும்பும் வழியில் அதே கணவாய், அதே இறக்கம். முள் நடுவில் ஆணி அடித்த மாதிரி நின்றது. கொஞ்ச நேரத்தில் நண்பன் ஜாக்கெட்டைக் கழற்றினான், அப்புறம் ஸ்வெட்டரை.

"குறைடா, வேகுது!"

ப்ளோயரைக் குறைக்க வழியில்லை, 4-ஐ விட்டால் அணைக்கத்தான் வேண்டும். காதில் விழாத மாதிரி ஓட்டினேன். அவன் ஜன்னலை இறக்கிவிட்டான்.