மாத்திரைக் கணக்கு

ஜூலை 6
ராத்திரி தம்பிக்குக் குளிர். மூன்று போர்வை. பல் அடிக்கிற சத்தம் அடுத்த அறைவரை கேட்டது.

ஜூலை 7
காய்ச்சலே இல்லை. எழுந்து மொஹிங்கா, அந்த மீன் குழம்பு நூடுல்ஸ், கேட்டான். அம்மாவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது.

ஜூலை 8
சாயங்காலம் நாலு மணி, சொல்லி வைத்த மாதிரி. விரலைக் குத்தி ஸ்லைடு போட்டு நானே பார்த்தேன். வைவாக்ஸ் மலேரியா. ஊதிப்போன சிவப்பணு, அதில் பொடிப்பொடியாகப் புள்ளி. வேறு யார் ரத்தமாவது என்றால் எண்ணி எழுதிவிட்டு அடுத்த ஸ்லைடை எடுத்திருப்பேன். குளோரோகுவின் மூன்று நாளைக்கு.

பர்மியர் இதைப் பறவைக் காய்ச்சல் என்கிறார்கள். மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்று ரொனால்ட் ரோஸ் 1898இல் கல்கத்தாவில் கையும் களவுமாகப் பிடித்ததும் பறவைகளை வைத்துத்தான். பெயர் வைத்தவனுக்கு எப்படித் தெரிந்ததோ.

ஜூலை 9
தூக்கம் இல்லை. ஒரே விஷயம் ஓடுகிறது. சிவப்பணுவில் உட்கரு கிடையாது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியே காட்டும் எச்எல்ஏ அடையாளமும் அநேகமாகக் கிடையாது. நோய் புகுந்த அணுவைக் கொல்லும் டி செல் (சிடி8) பக்கத்திலேயே போனாலும் கண்டுகொள்ளாது. கல்லீரலில் இருக்கும்போது பிடித்தால்தான் உண்டு. அப்படித்தான் படித்தோம். ஆனால் வைவாக்ஸ் நுழைவது இளம் சிவப்பணுவில். அதில் அந்த அடையாளம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். 2018இல் பிரேசில் நோயாளிகளின் ரத்தத்தில் காட்டினார்களே, சிடி8 செல்கள் அந்த இளம் அணுக்களை இனம் கண்டு, கிரானுலைசின் என்ற கொல்லும் புரதத்தைப் பாய்ச்சி, அணுவையும் உள்ளே இருந்ததையும் சேர்த்தே கொன்றன. இவனுக்குள்ளும் இப்போது அது நடக்கிறதா? மூன்றாவது தடவை இது. முதல் இரண்டு தடவை பார்த்த செல்கள் எங்கே போய்த் தொலைந்தன?

ஜூலை 10
ஜி6பிடி, சிவப்பணுவைக் காக்கிற நொதி, சரியாக இருக்கிறது. அப்பாடா. அது குறைந்திருந்தால், கல்லீரலில் ஒளிந்திருப்பதைக் கொல்லக் கொடுக்கும் பிரைமாகுவின் சிவப்பணுவையே உடைத்துவிடும்.

ஜூலை 11
பிரைமாகுவின் மாத்திரை ஒன்று. இன்னும் பதின்மூன்று. போன தடவை நாலாம் நாளே நிறுத்திவிட்டானாம், இன்றைக்குத்தான் வாயைத் திறக்கிறான். “காய்ச்சல்தான் விட்டுருச்சேக்கா.” கல்லீரலில் தூங்குகிற சனியனுக்கு அது தெரியுமா? அடிக்கலாம் போல இருந்தது. கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

ஜூலை 13
மூன்று. மழை. சல்வீன் ஆற்றில் அக்கரை தெரியவில்லை.

ஜூலை 14
நாலு. ஒன்றுக்குப் போன நிறம் என்ன என்று கேட்டேன். முறைத்தான்.

“ஊசி வந்துருச்சுன்னியே, அதைப் போட்டா என்னடி?” என்கிறாள் அம்மா. மலேரியா தடுப்பூசி இரண்டு, உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தவை: ஆர்டிஎஸ்,எஸ் 2021இல், ஆர்21 2023இல். இரண்டும் ஆப்பிரிக்கக் குழந்தைகளை மனதில் வைத்துச் செய்தவை, இரண்டும் ஃபால்சிபாரம் என்ற இன்னொரு மலேரியா ஒட்டுண்ணியின் மேலுறைப் புரதத்தைத்தான் உடம்புக்குக் காட்டிக் கொடுக்கின்றன. இவனுக்கு வந்திருப்பது வேறு ஜாதி அம்மா என்றேன். “காய்ச்சல்லயுமா ஜாதி!”

ஜூலை 15
ஐந்து. கரண்ட் இல்லை.

ஜூலை 17
ஏழு. பாதி. ஆடி பிறந்துவிட்டது. அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து மாரியம்மன் படத்தின் முன் வைத்திருக்கிறாள்.

பாங்காக் ஆய்வகத்தில் எண்ணிய தட்டுகள் ஞாபகம் வந்தன. தட்டுக்குத் தொண்ணூற்றாறு குழி. ஒட்டுண்ணிப் புரதத்தைப் போட்டு, மேலே நோயாளியின் வெள்ளணுக்கள். ஒட்டுண்ணியை அடையாளம் கண்டு இன்டர்ஃபெரான் காமா கக்கிய செல் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. எம்எஸ்பி1 என்ற ஒட்டுண்ணிப் புரதம் போட்ட குழியில் சிலருக்குக் கடுகு கொட்டின மாதிரி இருக்கும். நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன், வெட்கமில்லாமல். கடுகு கொட்டினவர்களிலும் சிலர் அடுத்த மழைக்கு வந்து படுத்தார்கள். ஞாபகம் இருப்பது வேறு, தடுப்பது வேறு என்று அன்றைக்கு ஐயா சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு அடுத்த குழியை எண்ணினேன்.

இவன் ரத்தத்தை அப்படி ஒரு தட்டில் போட்டுப் பார்க்க முடிந்தால். பார்த்து என்ன செய்யப் போகிறேன்.

ஜூலை 18
எட்டு. வயிற்றுவலி என்றான். வெறும் வயிற்றில் போட்டிருக்கிறான், மடையன்.

ஜூலை 19
ஒன்பது. கால் சில்லென்று இருக்கிறது என்கிறான். மழை அடிக்கிறது, ஜன்னல் திறந்திருந்தது, அதுதான். தெர்மாமீட்டரை எங்கே வைத்தேன்