ஆடிக் குளிரில் வந்த காய்ச்சல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் எங்களுக்கு ஆடி மாதம் நடுக் குளிர்காலத்தில் வருகிறது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள்களும் ஃப்ளூ காய்ச்சல் பரவும் நாள்களும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. சென்ற ஆண்டு இங்குள்ள சாட்ஸ்வொர்த் பகுதியில் அப்படியொரு பூசை முடிந்த மூன்றாம் நாள், ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்த என் தங்கைக்குத் தொண்டை கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. "வெறும் சளிதான் அக்கா, ரசம் குடித்தால் சரியாகிவிடும்" என்றாள். நானும் மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்துக் கொடுத்தேன். மறுநாள் இரவு, தண்ணீர் வேண்டும் என்று கேட்பதற்குள் அவள் இரண்டு முறை மூச்சு வாங்கினாள்.

மருத்துவமனையில் விரலில் மாட்டிய கருவி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 92 விழுக்காடு என்று காட்டியது. கர்ப்பிணிக்கு அது 95-க்குக் கீழே இறங்கக் கூடாது என்பதை அன்றுதான் அறிந்தேன். வளரும் கருப்பை, நுரையீரலுக்குக் கீழேயுள்ள உதரவிதானம் என்னும் தசையை மேலே தள்ளுவதால் நுரையீரலில் எஞ்சி நிற்கும் காற்று குறைகிறது. உடலின் ஆக்சிஜன் தேவையோ சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. எனவே பிறருக்கு ஒரு வாரத்தில் தணியும் காய்ச்சல், கர்ப்பிணிக்கு நிமோனியாவாக முற்றும் வாய்ப்பு அதிகம்.

ஃப்ளூ வைரஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைத் தாக்குவது அரிது. தாயின் கடுங்காய்ச்சலும் ஆக்சிஜன் குறைவுமே குழந்தையை வருத்துகின்றன. குறைமாதப் பிரசவம், எடைக் குறைவு, சில வேளைகளில் வயிற்றிலேயே இறப்பு என்று அதன் விளைவுகள் நீளும். முதல் மாதங்களில் மூளையும் தண்டுவடமும் உருவாகிக்கொண்டிருப்பதால் காய்ச்சலை அப்போதும் அலட்சியப்படுத்தக் கூடாது. கொரோனாவோ நஞ்சுக்கொடியையே சிதைத்த நிகழ்வுகளும் உண்டு.

வயிற்றில் பிள்ளையோடு ஃப்ளூ தடுப்பூசியா என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் அன்பில் பிறந்தது என்பதால் அதைக் கடிந்து பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ஊசியில் இருப்பது உயிரற்ற வைரஸ். நம் நாட்டுச் சொவேட்டோவில் 2011, 2012 ஆண்டுகளில் எச்.ஐ.வி. தொற்றில்லாத 2,116 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில், ஊசி போட்டுக்கொண்ட தாய்மாருக்கும் அவர்கள் பெற்ற குழந்தைகளுக்கும் ஃப்ளூ ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. தாயின் இரத்தத்தில் உண்டாகி நஞ்சுக்கொடி வழியே சென்று சேரும் எதிர்ப்பொருளே அதற்குக் காவல்.

ஃப்ளூ வைரஸை அடக்கும் ஓசெல்டாமிவிர் மாத்திரையைக் காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் மிகுதி. நாங்கள் அந்த எல்லைக்குச் சற்று முன்புதான் போய்ச் சேர்ந்தோம். தங்கை நான்கு நாள் ஆக்சிஜனில் இருந்தாள். அந்த நான்கு நாளும் குழந்தையின் அசைவை நாங்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தோம். நிறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது.

இப்போது என் நாத்தனார் ஐந்து மாதம். ஆடிக்குக் காத்திராமல் ஏப்ரலிலேயே அவளை ஊசி போட அழைத்துச் சென்றேன். உடன் வந்தவர் என் மாமியார்.